வீட்டு டிவிக்கு ஒரு மீடியா சென்டர்: லிப்ரெஎலெக், கோடி கொண்டு அமைக்க முழுமையான வழிகாட்டி

டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதில் உங்கள் படங்கள், பாட்டுகள், குடும்ப வீடியோக்கள் எல்லாம் போஸ்டரோடு வரிசையாக, ஒரே ரிமோட்டில். இதற்குத் தேவையான மென்பொருள் இரண்டுமே இலவசம், திறமூலம். கோடி என்பது திரையில் தெரியும் மீடியா பிளேயர். லிப்ரெஎலெக் என்பது கோடியை மட்டுமே ஓட்டுவதற்காகச் செதுக்கப்பட்ட லினக்ஸ்.

புதியவர்கள் இதில் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்வதால்தான். பெட்டியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஸ்கின் (திரையின் தோற்றம்), ஆட்-ஆன் (கோடிக்குள் போடும் துணை மென்பொருள்) என்று இறங்கி, கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பாதித் தொல்லை வராது.

1. முதலில் உங்கள் கோப்புகளைப் பாருங்கள்

எந்தப் பெட்டி வாங்குவது என்பதை உங்களிடம் இருக்கும் வீடியோக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற திறமூல மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு, உங்கள் சேகரிப்பிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். வீடியோ பகுதியில் ஃபார்மட் என்ற இடத்தில் ஏவிசி என்று இருந்தால் அது எச்.264. எச்இவிசி என்றால் எச்.265. ஏவி1 என்றும் சிலவற்றில் வரலாம். அதே பகுதியில் பிட் டெப்த் (நிற நுணுக்கத்தின் அளவு) 8-ஆ 10-ஆ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். சிப்பிலேயே அந்த ஃபார்மட்டைப் பிரித்துப் படமாக்கும் டிகோடர் இருந்தால் 4கே படம்கூட அலட்டாமல் ஓடும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். ஃபேன் அலறும், படம் திக்கும். "என் லேப்டாப் ஐ5, ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவர்களில் பலருடைய பிரச்சினை இதுவே.

2. பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் இன்னும் நல்ல தேர்வு. 1080பி வரை எச்.264, 4கே எச்இவிசி இரண்டையும் சிப்பே பார்த்துக்கொள்ளும். 2 ஜிபி ராம் போதும், 8 ஜிபி வாங்கினால் கோடிக்கு எந்தப் பயனும் இல்லை. பை 5-ல் எச்இவிசி டிகோடர் மட்டும்தான் உண்டு. எச்.264-ஐ அதன் பிராசஸரே கையாளும், 1080பி-க்கு அது தாராளம். இரண்டிலும் ஏவி1 டிகோடர் கிடையாது.

வீட்டில் பழைய இன்டெல் கம்ப்யூட்டர் இருந்தால் தலைமுறையைப் பாருங்கள். கோர் வரிசையில் நான்காம் தலைமுறை என்றால் எச்.264-க்குச் சரி, எச்இவிசி-க்கு உதவாது. 10 பிட் எச்இவிசி ஏழாம் தலைமுறையிலிருந்து, ஏவி1 பதினொன்றிலிருந்து. புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி மூன்றையும் ஓட்டும். சிப்புக்கான மின் அளவு 6 வாட் என்பதால் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை இல்லை.

பை-க்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளைகளை வாங்கும் சிஇசி அதில் இருக்கிறது. பெரும்பாலான பிசிக்களில் அது இல்லை. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் நான் பை பக்கம்தான் சாய்வேன். அவர்கள் கையில் இரண்டாவது ரிமோட்டைத் திணிக்காமல் இருப்பதே பெரிய வெற்றி.

இரண்டு மூன்று டிவி, கூடவே போன், டேப்லெட் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும் என்றால் ஜெல்லிஃபின் என்ற திறமூல சர்வர் பொருத்தமானது. அது வேறு வழி, வேறு வேலை. ஒரு டிவி, ஒரு பெட்டி என்றால் கோடி மட்டும் போதும். தேவையில்லாமல் சர்வரை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

3. கையில் இருக்க வேண்டியவை

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் டைப்-சி அடாப்டர். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். போன் சார்ஜரைச் செருகிப் பார்க்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். மின்னழுத்தம் குறையும்போது பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் குற்றவாளி அடாப்டர்தான்.

பை 4, 5 இரண்டிலும் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. சாதாரணக் கேபிள் நுழையாது, மினி எச்டிஎம்ஐ-யும் நுழையாது. கடையில் மினியைக் கொடுத்து அனுப்புவது வாடிக்கையாக நடக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

16 ஜிபி மெமரி கார்டு ஒன்று, முடிந்தால் ஒரு லேன் கேபிள். வெளி ஹார்டு டிஸ்க்கை பை-யில் செருகப் போகிறீர்கள் என்றால் அதன் மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். பை 4-ன் யூஎஸ்பி போர்ட்கள் எல்லாம் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர். சுழலும் டிஸ்க் இரண்டைச் செருகினால் தாங்காது. தனி அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க் அல்லது மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் வேண்டும்.

4. டிவியைத் தயார் செய்வது

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். டிவி சரியாக இல்லாவிட்டால் பின்னால் கோடியில் எத்தனை செட்டிங்கைத் திருகினாலும் சரிவராது.

முதலில் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். படத்தின் விளிம்பு வெட்டுப்பட்டு, மெனுவின் ஓரம் மறைந்து தெரிவது இதனால்தான். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்க்ரீன் ஃபிட் என்ற பெயரில் இருக்கும். 4கே டிவி என்றால் பெட்டியைச் செருகும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு முழு அலைவரிசையையும் திறந்துவிட வேண்டும். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். இதை ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு சிஇசி. எல்ஜியில் சிம்ப்ளிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க்.

5. லிப்ரெஎலெக்கை நிறுவுவது

பை-க்கு ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளைத் திறந்து, உங்கள் பை-யின் மாடலைச் சொல்லி, மீடியா பிளேயர் பிரிவில் லிப்ரெஎலெக்கைத் தேர்ந்தெடுத்துக் கார்டில் எழுதுங்கள். மாடலைத் தவறாகச் சொன்னால் கார்டு பூட் ஆகாது.

பிசிக்கு ஜெனரிக் என்ற இமேஜை, அதாவது நிறுவல் கோப்பை, தரவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் பென் டிரைவில் எழுத வேண்டும். கோப்பை அப்படியே காப்பி செய்து போட்டால் ஒன்றும் நடக்காது. என்விடியா கார்டு உள்ள பிசியா? அப்படியானால் ஜெனரிக்-லெகசி இமேஜை எடுங்கள், மற்றதில் கறுப்புத் திரைதான் வரும்.

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு, பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இங்கே நிதானம் தேவை. இன்ஸ்டாலர் முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் போட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. அந்த டிஸ்க்கில் போட்டோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று எது இருந்தாலும் முன்பே எடுத்துவிடுங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வழியும் பூட் மெனுவில் உண்டு. படமும் ஒலியும் வருகிறதா என்று அதில் பார்த்துவிட்டு நிறுவுவது புத்திசாலித்தனம்.

முதல் பூட்டின்போது டிவி ஆன் ஆகி, சரியான எச்டிஎம்ஐ-யில் இருக்கட்டும். பை 4-ல் பவர் போர்ட்டுக்கு அருகில் இருக்கும் எச்டிஎம்ஐ-யைப் பயன்படுத்துங்கள். முதல் முறை அது கார்டின் மீதி இடத்தை விரித்துக்கொண்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வரவேற்புத் திரையில் எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை தரும் வழி), சாம்பா (நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வு) இரண்டையும் ஆன் செய்யவா என்று கேட்கும். சாம்பாவை ஆன் செய்யுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து கோப்பு அனுப்ப உதவும். எஸ்எஸ்எச் என்னவென்று தெரியாதவர்கள் ஆஃப் செய்து வைப்பதே நல்லது. அதன் ஆரம்பப் பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்தது. ஆன் செய்தால் கையோடு மாற்றிவிடுங்கள்.

6. படத்தையும் ஒலியையும் சரிசெய்வது

லைப்ரரியை, அதாவது போஸ்டரோடு வரும் படப் பட்டியலை, தொடும் முன் இதை முடியுங்கள். முன்னூறு படங்களைச் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் எங்கே கோளாறு என்று தேடுவதைவிட ஒரே ஒரு கோப்பில் எல்லாவற்றையும் சோதிப்பது எளிது.

செட்டிங்ஸில் எந்தப் பகுதியைத் திறந்தாலும் இடது கீழ் மூலையில் பல்சக்கரம் இருக்கும். அதை அழுத்தி அட்வான்ஸ்டு அல்லது எக்ஸ்பர்ட் ஆக்குங்கள். "நீங்கள் சொன்ன ஆப்ஷன் எனக்கு வரவே இல்லை" என்பவர்கள் எல்லோரும் ஸ்டாண்டர்டில்தான் நிற்கிறார்கள்.

பிளேயர் பகுதியில், வீடியோஸ் என்பதில், அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட் என்பதை ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப் ஆக்குங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியிலும், டைட்டில் கார்டு மேலே ஏறும்போதும் அந்த வெட்டல் கண்ணில் உறுத்தும். இந்த ஒரு செட்டிங் அதைப் போக்கிவிடும். படம் தொடங்கும்போது திரை ஒரு கணம் கறுத்துப்போகும், அது கோளாறு அல்ல.

4கே டிவியில் மெனுவை 1080பி-யிலேயே வையுங்கள். சிஸ்டம் பகுதியில் டிஸ்ப்ளேவுக்குள் ஒயிட்லிஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் டிவி ஏற்கும் 4கே, 1080பி அளவுகளை டிக் செய்யுங்கள். 4கே படம் ஓடும்போது மட்டும் 4கே-க்கு மாறும், மெனுவும் சுறுசுறுப்பாக இருக்கும்.

படம் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்துங்கள். மேலே வரும் தகவலில் டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்று இருந்தால் சிப் வேலை செய்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் முதல் படிக்குத் திரும்பி, அந்தக் கோப்பின் ஃபார்மட்டை உங்கள் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒலியில் பெரும்பாலானோர் விழும் குழி ஒன்றே ஒன்று. சிஸ்டம், ஆடியோ, நம்பர் ஆஃப் சானல்ஸ். உங்களிடம் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். டிவி ஸ்பீக்கர் மட்டும் என்றால் 2.0. பெருமைக்காக 5.1 வைத்தால் பின்னணி இசை வரும், வசனம் வராது. வசனம் போவது நடு ஸ்பீக்கருக்கு, அது உங்களிடம் இல்லை. 2.0 வைத்த பிறகு சத்தம் குறைவாகப் பட்டால், மெயின்டெய்ன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளிக்கருவிக்கு அனுப்புவது) என்பது ஏவி ரிசீவர், சவுண்ட் பார் வைத்திருப்பவர்களுக்கு. டிவியின் ஏஆர்சி (டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகப் போகிறீர்கள் என்றால் ட்ரூஎச்டி என்ற சுருக்கமிழப்பில்லா ஒலி போகாது, அதற்கு ஈஏஆர்சி வேண்டும்.

தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் இன்டர்ஃபேஸ், ஸ்கின், ஃபான்ட்ஸ் என்று போய் ஏரியல் பேஸ்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெனு மொழியைத் தமிழாக்குவதென்றால் இதைச் செய்த பிறகு ஆக்குங்கள். முதலில் மொழியை மாற்றிவிட்டால், திரும்பி வரும் வழி கட்டங்களாக நிற்கக்கூடும்.

7. டிஸ்க்குக்குப் பெயர் வைத்துவிட்டுச் செருகுங்கள்

லிப்ரெஎலெக் ஹார்டு டிஸ்க்கை அதன் லேபிளை வைத்துத்தான் அடையாளம் காணும். கோடியின் லைப்ரரியில் ஒவ்வொரு படத்தின் முகவரியிலும் அந்த லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பெயரை மாற்றினால் லைப்ரரி முழுக்கக் காணாமல் போனது போலாகும். ஆகவே விண்டோஸிலேயே சின்னதாக, இடைவெளி இல்லாத ஒரு பெயரை வைத்துவிடுங்கள்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், எக்ஸ்ட்4 எதுவானாலும் சரி. ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸிலிருந்து எஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுத விடாமல் நிறுத்தலாம்.

8. கோப்புகளுக்குப் பெயரிடுதல்

சலிப்பான வேலை, மறுக்கவில்லை. ஆனால் லைப்ரரி அழகாக வருவதும் குப்பையாக வருவதும் இதில்தான்.

டிஸ்க்கில் முதலில் தனித்தனி ஃபோல்டர்கள்: படங்கள், தொடர்கள், வீட்டு வீடியோ, பாட்டு. ஒன்றுக்குள் ஒன்று கலக்கக் கூடாது. கோடி ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எந்த வகையான தகவலைத் தேடுவது என்று தனியாகக் கேட்கும். மொத்த டிஸ்க்கையும் "மூவீஸ்" என்று காட்டிவிட்டால், தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுத் திகில் படத்தின் போஸ்டர் வந்து உட்காரும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர்: படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஆண்டு கட்டாயம். பழைய படத்தின் பெயரைப் புதுப் படத்துக்கு வைப்பது தமிழ் சினிமாவில் சர்வ சாதாரணம். ஆண்டு இல்லாவிட்டால் சிவாஜி காலத்துப் படத்துக்குப் போன வருடத்துப் போஸ்டர் வரும்.

கோடி தகவல் எடுப்பது டிஎம்டிபி என்ற தளத்திலிருந்து. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங் என்பதால், அந்தத் தளத்தில் தேடி அங்கே இருக்கும் ஸ்பெல்லிங்கையே கோப்புக்கு வையுங்கள். அப்படியும் தவறாக எடுத்தால், படக் கோப்பின் அதே பெயரில் என்எஃப்ஓ என்று முடியும் ஒரு டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கி, டிஎம்டிபி-யில் அந்தப் படத்துக்குரிய பக்கத்தின் முகவரியை உள்ளே ஒட்டுங்கள். அதற்குப் பிறகு கோடி ஊகிக்காது.

தொடர்களுக்கு எபிசோட் எண் முக்கியம். ஆங்கில எஸ், இரண்டு இலக்கச் சீசன் எண், ஈ, எபிசோட் எண், இடையில் இடைவெளி இல்லாமல். சப்டைட்டில் கோப்புக்கும் படத்தின் பெயரேதான். தமிழ் சப்டைட்டில் என்றால் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிறுக்கல்தான் வரும்.

9. கல்யாண டிவிடிகளுக்கு ஒரு தனி வழி

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பீரோவில் ஒரு கட்டு இருக்கும். டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும், அதற்குள் விஓபி என்று முடியும் கோப்புகளும் தெரியும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. முகூர்த்தம் ஒரு கோப்பில் பாதி, அடுத்த கோப்பில் மீதி என்று நறுக்கப்பட்டிருக்கும்.

ஃபோல்டரை முழுவதும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற திறமூல மென்பொருளில் 1 என்று முடியும் முதல் விஓபி கோப்பை இழுத்துவிட்டால், தொடர்ச்சியான மற்ற கோப்புகளையும் அதுவே சேர்த்துக்கொண்டு ஒரே எம்கேவி கோப்பாக்கித் தரும். தரம் குறையாது, ஏனென்றால் படத்தை மறுபடி சுருக்குவதில்லை, உறையை மட்டும் மாற்றுகிறது. பல வருடம் கிடந்த டிவிடியில் கீறல் இருந்தால் காப்பியே பாதியில் நிற்கும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

10. லைப்ரரியில் சேர்ப்பது

வீடியோஸ், ஃபைல்ஸ், ஆட் வீடியோஸ் என்று போய் படங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். செட் கான்டென்ட் திரையில் மூவீஸ் என்று சொல்லி, ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்ற ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். தொடர்களுக்கு டிவி ஷோஸ். வீட்டு வீடியோ ஃபோல்டருக்கு நன் என்று விட்டுவிடுங்கள், ஃபைல்ஸ் பகுதியில் ஃபோல்டர் வாரியாகத் தெரியும்.

முதல் ஸ்கேனை நாலைந்து படங்களோடு செய்து பாருங்கள். சரியாக வந்தால் மீதியைக் கொட்டுங்கள்.

படங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்தால், ஷேர் செய்த ஃபோல்டரைக் கோடியின் விண்டோஸ் நெட்வொர்க் பட்டியலில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பெரும்பாலும் காலியாகவோ, எர்ரராகவோ வரும். ஆட் நெட்வொர்க் லொகேஷன் கொடுத்து, கம்ப்யூட்டரின் ஐபி முகவரி, ஷேரின் பெயர், யூசர், பாஸ்வேர்டு நான்கையும் நீங்களே தட்டுங்கள். விண்டோஸில் நுழையும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. இதற்கென்றே பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கிக்கொள்வது நிம்மதி. ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி-யை ஒதுக்கிவிடுங்கள், நாளைக்கு மாறிவிடாது.

11. ரிமோட்

டிவி ரிமோட் வேலை செய்தால் அதோடு விட்டுவிடுங்கள். இல்லாதவர்களுக்கு கோரே என்ற ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது, கோடி குழுவினருடையதே. சர்வீசஸ், கன்ட்ரோல் பகுதியில் எச்டிடிபி வழி ரிமோட்டை அனுமதித்து, ஒரு பாஸ்வேர்டும் வைக்க வேண்டும்.

டாங்கிளோடு வரும் வயர்லெஸ் கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்கிறதா? பக்கத்துப் போர்ட்டில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். அது கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தால் தீரும்.

12. ஆட்-ஆன்

கோடியின் சொந்த ரெப்பாசிட்டரியில் இருப்பதை மட்டும் போடுங்கள். "எல்லாப் படமும் இலவசம்" என்று யூடியூபில் காட்டும் ஜிப் கோப்புகள் திருட்டுச் சரக்கு என்பது ஒருபுறம். உங்கள் பெட்டியில் யார் எதை ஓட்டுகிறார்கள் என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட ஆட்-ஆன்கள் வழியாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர் பரவியதை 2018-ல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது.

ஓடிடி சேவைகளுக்கு டிவியில் இருக்கும் ஆப்களையே வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்குள் அவற்றை இழுத்துவரும் ஆட்-ஆன்கள் அதிகாரப்பூர்வமானவை அல்ல, முழுத் தரமும் கிடைப்பது அரிது.

13. வெயில், கரண்ட், பேக்கப்

மூடிய டிவி ஷெல்ஃபுக்குள் சித்திரை வெயிலில் பை சீக்கிரம் சூடாகும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் உள்ள அலுமினியக் கேஸ் போட்டு, காற்று போகும் இடத்தில் வையுங்கள்.

ஸ்விட்சை அணைத்து நிறுத்தாதீர்கள். மெனுவில் பவர் ஆஃப் கொடுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடலாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியிருக்கும்போது கிளீன் லைப்ரரி கொடுக்க வேண்டாம், படங்கள் போய்விட்டன என்று எண்ணிப் பட்டியலைத் துடைத்துவிடக்கூடும்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் அன்றே லிப்ரெஎலெக் செட்டிங்ஸில் பேக்கப் எடுங்கள். அது அதே கார்டில்தான் சேமிக்கும், ஆகவே சாம்பா வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கார்டு போனால் புதுக் கார்டில் லிப்ரெஎலெக்கை எழுதி, அந்தப் பேக்கப் கோப்பை உள்ளே போட்டு ரீஸ்டோர் கொடுத்தால் லைப்ரரி, செட்டிங்ஸ், பார்த்து நிறுத்திய இடம் உட்பட எல்லாம் திரும்பிவிடும்.